பச்சைத் தண்ணீர்

நம் வீடுகளில் "பச்சைத் தண்ணீர்" என்றால் காய்ச்சாத தண்ணீர் என்றுதான் அர்த்தம். அதில் பச்சை நிறம் லவலேசமும் கிடையாது. ஆனால் திருத்தணியிலிருந்து நமக்குக் கடிதம் எழுதியிருக்கும் அன்பர் ஒருவர் வீட்டில், பச்சைத் தண்ணீர் மெய்யாகவே பச்சையாகிவிட்டதாம்! முருங்கைக் கீரையை அரைத்துக் கரைத்து விட்டாற்போல் இருக்கிறது என்று எழுதுகிறார். குடத்துத் தண்ணீரல்ல, கூடத்தில் வைத்திருக்கும் கண்ணாடித் தொட்டித் தண்ணீர்.

விஷயம் இதுதான். அன்பருடைய பத்து வயதுப் புதல்வன் நச்சரித்ததன் பேரில், சென்னைக் கொளத்தூரிலிருந்து மூன்றடி நீளத் தொட்டி ஒன்று வாங்கி வந்தார். மணல் பரப்பி, செடிகள் நட்டு, பத்துப் பதினைந்து சிறு மீன்களையும் விட்டார். செடிக்கு வெயில் வேண்டுமே என்று கிழக்கு ஜன்னலை ஒட்டித் தொட்டியை வைத்தார். இரண்டு மாதம் பார்ப்பவர்களெல்லாம் மெச்சினார்கள். மூன்றாவது மாதம் கண்ணாடியில் பச்சை படர்ந்தது. இலைகளின் ஓரத்தில் கறுப்பாகத் தாடி முளைத்தது. பிறகு ஒரு நாள் காலையில் மீன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

கடைக்காரர் ஒருவர் நீல நிற மருந்து ஒன்று கொடுத்தார். அதை விட்ட மறுநாள் தண்ணீர் தெளிந்தது. ஆனால் நத்தைகள் எல்லாம் மாண்டு போயின, மீன்களில் நாலு மிதந்தன. இரண்டு வாரத்தில் பாசி மறுபடியும் வந்துவிட்டது. அதன் பிறகு மற்றொருவர், "தொட்டியைத் துடைக்கும் மீன்" என்று இரண்டு அங்குல நீளமுள்ள உறிஞ்சி மீன் ஒன்றைக் கொடுத்தார். அது இப்போது ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து, செடிகளையெல்லாம் பெயர்த்துப் போடுகிறது. பாசி போகவில்லை. பையன் அழுகிறான்.

அன்பர் கேட்கும் கேள்விகள் மூன்று. பாசி ஏன் வருகிறது? எப்படிப் போக்குவது? மூன்றாவது, "இந்தப் பெரிய மீனைக் கொல்ல மனம் வரவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் சரவணப் பொய்கையில் விட்டுவிடலாமா? புண்ணியமாகவும் போகுமே!"

மூன்றாவது கேள்வி நம்மைத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது. இந்த வாரம் நாம் எழுத எண்ணியிருந்த விஷயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எடுத்துக் கொண்டதற்கு அதுவே காரணம். ஆனால் அதற்குப் பதில் சொல்லுமுன், முதல் இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

திருத்தணியை அறியாத தமிழர் யார்? முந்நூற்று அறுபத்தைந்து படிகள் ஏறினால் முருகன் சந்நிதி. மலையடிவாரத்தில் சரவணப் பொய்கை. ஆடிக் கிருத்திகையன்று லக்ஷக்கணக்கான ஜனங்கள் காவடி எடுத்து வருகிறார்கள். பொய்கையில் தெப்பம் நடக்கிறது. இந்தத் தலத்துக்கு ஒரு புராணம் உண்டு. இந்திரன் இங்கே ஒரு சுனையில் கருங்குவளைக் கொடி நட்டு, அந்தப் பூவைக் கொண்டு முருகனைப் பூஜித்தான் என்பார்கள். நீலோற்பலகிரி என்ற பெயர் இதனால் வந்ததாம். புராணத்தின் பெருமை ஒரு புறம் இருக்கட்டும். கருங்குவளை நட்ட சுனை என்பது கவனிக்கத் தக்கது. நீர்ப்பரப்பை இலையால் மூடி, தண்ணீரில் கரைந்திருக்கும் உரத்தைத் தண்டாலும் வேராலும் உறிஞ்சிக் கொள்ளும் செடி அது. அத்தகைய செடி செழித்திருக்கும் நீர்நிலையில் பாசிக்கு வெளிச்சமும் குறைவு, ஆகாரமும் குறைவு. இந்திரன் மீன்தொட்டி வைத்திருந்தால் நம் அன்பரைப் போல் கஷ்டப்பட்டிருக்க மாட்டான்!

பாசி என்ற சொல்லிலேயே முதலில் ஒரு குழப்பம் இருக்கிறது. நம் ஜனங்கள் நீரில் பசுமையாகக் கிடப்பதையெல்லாம் பாசி என்று சொல்லிவிடுகிறார்கள். வேலம்பாசி என்பது பாசியே அன்று. தண்டும் இலையும் பூவும் உள்ள செடி. மழைக் காலத்தில் மதிற்சுவரில் படர்வதும் பாசி, ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் முழுகி எடுப்பதும் பாசி. திருத்தணியில் தெலுங்கு பேசுகிறவர்களைக் கேட்டால் "பாச்சி" என்பார்கள். 1960-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அந்த ஊர் ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லைக்கு இருபுறமும் பாசிக்குப் பெயர் மட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்து வருகிறது.

இங்கே நாம் பாசி என்று சொல்வது வேரும் இலையும் பூவும் இல்லாத, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய நீர்த்தாவரத்தை. செடியைப் போலவே இதுவும் சூரிய வெளிச்சத்தைக் கொண்டு ஆகாரம் தயாரித்துப் பிராணவாயுவை வெளிவிடுகிறது. இதில் நம் நாட்டுக்கு உரிய பெருமை ஒன்று உண்டு. சென்னைச் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்த எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886 - 1963) இந்தியப் பாசியியலின் தந்தை என்று கொண்டாடப்படுகிறவர். பிறர் செருப்பில் ஒட்டினால் துடைத்துவிட்டுப் போகும் பச்சையை அவர் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். ஈர மண்ணில் வளரும் ஒரு புதுப் பாசியைக் கண்டுபிடித்து, லண்டன் பேராசிரியர் பிரிட்ச் என்பவரின் பெயரை வைத்து, 'பிரிட்சியெல்லா' என்று 1932-ல் உலகத்துக்கு அறிவித்தார். அவருடைய சிஷ்யர் டி. வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959-ல் வெளியிட்ட பெரும் புத்தகம் இன்றும் ஆராய்ச்சியாளர் கையில் இருப்பது.

இவர்களுக்கெல்லாம் வெகு காலம் முன்பே பாசியின் குணத்தைக் கண்டவர் ஒருவர் உண்டு. குறுந்தொகையின் 399-ம் பாட்டில் பரணர், காதலன் பிரிந்தால் பெண்ணின் மேனியில் படரும் பசலைக்கு ஊர்க் கேணியின் பாசியை உவமை கூறுகிறார். குடம் முக்கும்போது ஒதுங்கி நின்று, குடத்தை எடுத்ததும் வந்து மூடிக்கொள்ளும் அந்தப் பாசியைத் தினமும் தண்ணீர்த் துறையில் பார்த்த கண்ணுக்குத்தான் இது தோன்றும். நம் அன்பரின் நீல மருந்தும் குடத்தின் வேலையைத்தான் செய்தது.

மீன்தொட்டி என்ற ஏற்பாடு பிறந்த அன்றே இந்தத் தொந்தரவும் பிறந்துவிட்டது என்பது வேடிக்கையான சரித்திரம். ராபர்ட் வாரிங்டன் என்று லண்டனில் ஒரு ரஸாயன சாஸ்திரி இருந்தார். மீனும் செடியும் ஒன்றுக்கொன்று உதவியாய் ஒரே தண்ணீரில் வாழ முடியுமா என்று அவர் பரீக்ஷை செய்து 1850-ல் முடிவை வெளியிட்டார். பன்னிரண்டு காலன், அதாவது சுமார் ஐம்பத்தைந்து லிட்டர் பிடிக்கும் பாத்திரம், பொன்மீன் இரண்டு, நாடா போன்ற இலையுள்ள வாலிஸ்னேரியா என்ற செடி. மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக் கொள்ளும், செடி விடும் பிராணவாயுவை மீன் எடுத்துக் கொள்ளும் என்பது அவருடைய கணக்கு. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் செடியின் பழைய இலைகள் அழுகின, தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சை வழுவழுப்பு ஏறியது. வாரிங்டன் மருந்து எதையும் ஊற்றவில்லை. இயற்கையான குளத்தில் அழுகல் இலையை யார் தின்கிறார்கள் என்று யோசித்தார். குளத்து நத்தைகள் சிலவற்றைப் பிடித்துப் போட்டார். அவை அழுகலையும் வழுவழுப்பையும் தின்றன. அவை இட்ட முட்டைகளும் குஞ்சுகளும் மீனுக்கு ஆகாரமாயின. தண்ணீர் தெளிந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு கோஸ் என்பவர் எழுதிய புத்தகத்தால் 'அக்வேரியம்' என்ற பெயர் பரவி, இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கும் பைத்தியம் பிடித்தது. நம் சென்னைக் கடற்கரையிலும், அருங்காட்சிசாலைத் தலைவர் எட்கார் தர்ஸ்டன் முயற்சியால் 1909-ல் மீன் காட்சிசாலை ஒன்று திறந்தார்கள். இரண்டாவது உலக யுத்த காலத்தில் அதை மூடிவிட்டார்கள்.

வாரிங்டன் கேட்ட கேள்வியைத்தான் நம் அன்பரும் கேட்க வேண்டும். பாசி எதைத் தின்கிறது? அதற்கு யார் சோறு போடுகிறார்கள்?

சோறு போடுகிறவர் அவரேதான். மீனுக்குப் போடும் உணவில் தின்றது போக மீந்தது மணலில் விழுந்து அழுகுகிறது. மீனின் கழிவும் சேர்கிறது. இதிலிருந்து அம்மோனியா உண்டாகிறது; அது மீனுக்கு விஷம். மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் வாழும் நுண்கிருமிகள் இரண்டு படிகளில் அதை நைட்ரேட் என்ற உரமாக மாற்றுகின்றன. இந்தக் கிருமிகள் புதுத் தொட்டியில் நிலைபெற ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். நம் வீட்டு எஜமானர்களோ, பஞ்சு அழுக்காகிவிட்டதே என்று குழாயடியில் வைத்துச் சுடச்சுட அலசி, அத்தனை கிருமிகளையும் ஒரே நாளில் ஒழித்துவிடுகிறார்கள்! பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே, ஒரு வாளியில், மெல்லப் பிழிந்தால் போதும்.

உரம் இருந்தால் மட்டும் பாசி வந்துவிடாது. உரமும் வெளிச்சமும் இருந்து, அவற்றை எடுத்துக்கொள்ளச் செடிக்குத் திராணி இல்லாத இடத்தில்தான் பாசி வருகிறது. செடிக்குத் திராணி குறைவது ஏதாவது ஒரு பொருள் குறைவாக இருப்பதால். பொட்டாசியம் குறைந்தாலும் சரி, இரும்புச் சத்துக் குறைந்தாலும் சரி, கரியமில வாயு குறைந்தாலும் சரி, செடி நின்றுவிடும். மற்றதெல்லாம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. கல்யாணத்தில் உப்பு ஒன்று இல்லாவிட்டால் பந்தி நின்று விடுகிறதல்லவா? பாசிக்கு அத்தனை ஆசாரம் கிடையாது. கிடைத்ததைக் கொண்டு பிழைத்துக் கொள்ளும். ஆகையால் செடித் தொட்டியில் பாசியைக் கண்டு உரத்தையெல்லாம் அடியோடு நிறுத்திவிடுகிறவர்கள், செடியைப் பட்டினி போட்டுப் பாசிக்கு இடம் பண்ணிக் கொடுக்கிறார்கள்.

வெளிச்சம் என்று சொன்னோம். அன்பர் செய்த காரியங்களில் பெரிய அனர்த்தம் கிழக்கு ஜன்னல்தான். திருத்தணி வெயிலைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வைகாசியில் தமிழ்நாட்டிலேயே அதிக உஷ்ணம் என்று பத்திரிகைகளில் அடிக்கடி வரும் ஊர்களில் அதுவும் ஒன்று. அந்த வெயில் கண்ணாடி வழியே தினம் மூன்று மணி நேரம் விழுந்தால் எந்தச் செடியாலும் அதற்கு ஈடு கொடுக்க முடியாது. தவிர, தண்ணீர் சுட ஆரம்பித்தால் அதில் பிராணவாயு தங்காது. 25 டிகிரி உஷ்ணமுள்ள தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகக் கரைந்திருக்கக் கூடிய பிராணவாயு, 35 டிகிரியில் 7-க்கும் குறைந்து விடுகிறது. செடியும் பாசியும் பகலில்தான் பிராணவாயு கொடுக்கும்; இரவில் அவையும் மீனோடு போட்டியிட்டு அதைச் செலவழிக்கும். பச்சையாகிவிட்ட தண்ணீரில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான். கோயில் குளங்களில் மேகமூட்டமான சில நாட்களுக்குப் பிறகு மீன்கள் கூட்டமாக மடிந்து மிதப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

எனவே முதற்காரியம், தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்துவது. நீரோடு நகர்த்தக் கூடாது. மூன்றடித் தொட்டியில் நூற்றைம்பது லிட்டர் தண்ணீர் இருக்கும்; அடியில் கண்ணாடி விட்டுப் போகும். நகர்த்த இடமில்லாவிட்டால் பின்புறம் கறுப்புக் காகிதம் ஒட்டி, ஜன்னலுக்குப் படுதா போடட்டும். விளக்கு நாளொன்றுக்கு ஆறு அல்லது ஏழு மணி நேரம் எரிந்தால் ஏராளம். பையன் பள்ளிக்கூடம் போயிருக்கும் பகல் முழுவதும் விளக்கை எரியவிட்டு, அவன் வந்த பிறகும் இரவு பத்து மணி வரை எரிப்பது வெகு வீடுகளில் நடக்கிறது. மாலை நாலு மணிக்கு ஏற்றிப் பத்து மணிக்கு அணைக்கலாம். தானே ஏற்றி அணைக்கும் சிறு கருவியும் கிடைக்கிறது.

ஆகாரத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு நிமிஷத்தில் மீன்கள் தின்று முடிப்பது எவ்வளவோ அவ்வளவே போட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஒன்றும் போட வேண்டாம். கிருத்திகைக்குக் கிருத்திகை வீட்டிலுள்ள பெரியவர்கள் விரதம் இருக்கும் ஊர் அல்லவா? மீன் வாரம் ஒரு நாள் இருந்தால் அதற்கு ஒரு கெடுதலும் இல்லை. இதைப் பையனிடம் ஒப்படைக்கலாம். ஆனால் பாட்டியிடம் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். 'ஐயோ, வாயைத் திறந்து கேட்கிறதே' என்று ரகசியமாகப் போடுகிறவர்கள் பாட்டிமார்கள்தான்.

வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். இவர் தொட்டிக்கு மூன்று வாளிக்குக் கொஞ்சம் அதிகம். நகரசபைக் குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்திருந்து ஊற்ற வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரானால் கடினமாயிருக்கும். கடின நீரில் நன்றாக வளரும் செடிகளைத் தேர்ந்தெடுத்துக் கொள்வதுதான் யுக்தி. வாலிஸ்னேரியா அப்படிப்பட்டது. கரியமில வாயு கிடைக்காதபோது கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கரியைப் பெற்றுக் கொள்ளும் சாமர்த்தியம் அதற்கு உண்டு.

செடி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கடையில் வண்ணக் காகித உறையில் அந்நியப் பெயரோடு விற்கும் செடிகளில் பாதிக்கு மேல் நம் நாட்டுச் சரக்கு! 'பகோபா' என்று பெயர் சொல்லி விற்பது, நம் வயல் வரப்பில் மிதிபடும் நீர்ப்பிரமி. 'அபோனோஜெட்டன்' என்பது கொட்டிக் கிழங்கின் இனம். ஔவையார் மூதுரையில் நல்ல உறவினருக்கு உதாரணமாக ஆம்பலோடு சேர்த்துச் சொன்ன அதே கொட்டிதான். 'ரொட்டாலா மக்ராண்ட்ரா' என்று செக்கச் சிவந்து நின்று தொட்டிக்காரர்களை மயக்குவது மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்தது. நிழலிலும் வளரும் 'கிரிப்டோகோரைன்' இனத்தில் பல இலங்கையிலும் நம் நாட்டு ஓடைகளிலும் உள்ளவை. நம் குளத்தில் காசில்லாமல் கிடைத்ததைக் கப்பலேற்றிக் கொண்டு போய், பெயர் மாற்றி, திரும்பக் கொண்டு வந்து விலை வைத்தால் வாங்கிக்கொள்கிற வழக்கம் துணியோடு ஒழிந்துவிட்டது என்று நாம் நினைத்துக் கொண்டிருந்தோம்! வயலிலிருந்து எடுத்து வருகிறவர்கள் பூச்சி மருந்து அடித்த நிலத்தை விலக்கி, நாலைந்து நாள் தனி வாளியில் தண்ணீர் மாற்றி வைத்திருந்து, பிறகு நடட்டும். தொட்டியின் தரையில் பாதிக்கு மேல் செடி நிறைந்திருக்க வேண்டும். மூன்று குச்சி நட்டுவிட்டுப் பாசியைக் குறை சொல்லக் கூடாது.

இனி, வந்துவிட்ட பாசியின் கதி. எல்லாப் பாசிக்கும் ஒரே வைத்தியம் இல்லை. புதுத் தொட்டியில் முதல் மாதம் கண்ணாடியில் கபில நிறமாகப் படிவதைப் பஞ்சால் துடைத்துவிட்டுச் சும்மா இருந்தால் தானே போய்விடும். தண்ணீரே பச்சையாகிவிட்டால் அதில் மிதக்கும் பாசி பஞ்சில் அகப்படாது. மூன்று நாள் விளக்கை அணைத்து, தொட்டியைக் கம்பளியால் மூடிவிட வேண்டும். காற்றுக் குமிழி விடும் கருவி மட்டும் ஓடிக்கொண்டிருக்கட்டும். கிழங்கும் தண்டும் உள்ள செடி மூன்று நாள் இருட்டைப் பொறுக்கும். கையிருப்பு இல்லாத பாசி பொறுக்காது. நாலாம் நாள் திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டியது முக்கியம். செத்த பாசியும் அழுகும் பொருள்தானே? கையை வைத்துத் தூக்கிப் பார்க்கிற ஆவலில் தினமும் கம்பளியைத் திறந்து பார்த்தால் பயன் இல்லை. பையனை எச்சரித்து வைக்கவும்.

அன்பர் 'கறுப்புத் தாடி' என்கிறாரே, அது கறுப்பும் அல்ல, பச்சையும் அல்ல. அது செம்பாசி இனம். ஒரு முடியைப் பிடுங்கிச் சாராயத்தில் போட்டால் உண்மை நிறம் சிவப்பாக வெளிப்படும். நாம் கடற்பாசி காய்ச்சிச் செய்யும் இனிப்புக்கு உதவும் ராமநாதபுரத்துப் பாசிக்கு இது தூரத்துப் பந்து. ஆனால் இதனால் ஒருவருக்கும் இனிப்பு இல்லை. கரியமில வாயு ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு என்று ஏறி இறங்கும் தொட்டியில் இது அதிகம் பிடிக்கிறது. தாடி முளைத்த இலைகளைக் கத்தரித்து எறிவதுதான் சுருக்கமான வழி. அந்த இலை மறுபடி அழகாகாது.

மணலின் மேல் நீலம் கலந்த பச்சையாய், பாய் விரித்தாற்போல் படர்ந்து, ஒரு வகை நாற்றம் வீசி, விரலால் தூக்கினால் ஏடு ஏடாக வருவது ஒன்று உண்டு. அது உண்மையில் பாசியன்று, கிருமி இனம். இந்தப் பூமியில் சுமார் இருநூற்று நாற்பது கோடி வருஷங்களுக்கு முன் ஆகாயத்தைப் பிராணவாயுவால் நிரப்பத் தொடங்கியது இதன் முன்னோர்கள் என்று சாஸ்திரிகள் சொல்கிறார்கள். நாம் மூச்சு விடுவதே இவர்கள் தயவு. ஆயினும் இவ்வினத்தில் சில, குளத்தில் பெருகும்போது விஷத்தை உண்டாக்கும்; அந்தத் தண்ணீரைக் குடித்து மாடுகள் இறந்ததுண்டு. ஏடு படிந்த குளத்தில் குழந்தைகளைக் குளிக்க விடாமலிருப்பது நலம். தொட்டியில் இதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மேற்சொன்ன கம்பளி வைத்தியத்தையே செய்ய வேண்டும்.

நீல மருந்துக்கு வருவோம். அதன் சீசாவை நாம் பார்க்கவில்லை. ஆனால் நத்தைகள் முதலில் இறந்தன என்று எழுதியிருப்பதைக் கொண்டு, அதில் செம்புச் சத்து இருந்திருக்கும் என்று ஊகிக்கிறோம். தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த மயில்துத்தம் அந்த ஜாதிதான். செம்பு பாசியைக் கொல்லும், மெய்; நத்தையையும் இறாலையும் அதற்கு முன்பே கொல்லும்; அளவு கொஞ்சம் கூடினால் மீனையும் செடியையும் கொல்லும். மென்மையான தண்ணீரில் அதன் விஷம் இன்னும் அதிகம். தவிர, ஒரே நாளில் பாசி முழுவதும் செத்து அழுகும்போது அம்மோனியா பெருகிப் பிராணவாயு குறைந்துவிடுகிறது. மருந்துக்குத் தப்பிய மீன் அதில் மாட்டிக் கொள்கிறது. அந்த நாலு மீன்கள் எதனால் செத்தன என்பதை இனிக் கண்டுபிடிக்க முடியாது. சீசாவைத் தூர எறிந்துவிடச் சொல்லுவோம். சாக்கடையில் கொட்ட வேண்டாம்.

பாசி தின்னும் பிராணிகளில் நல்லவை உண்டு. ஜப்பானியரான தகாஷி அமானோ, நீருக்கடியில் நந்தவனம் அமைக்கும் கலையில் உலகப் பிரசித்தி பெற்றவர், 2015-ல் காலமானார். அவர் சிறு இறால் வகை ஒன்றைக் கூட்டங் கூட்டமாகத் தொட்டிகளில் விட்டு நூற்பாசியை மேய வைத்தார். அந்த இறாலுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. கண்ணாடியை மேய 'நெரைட்' என்ற நத்தை போதும். அதன் முட்டை நன்னீரில் பிழைக்காதாதலால் குடும்பம் பெருகி வீட்டை அடைத்துக் கொள்ளும் பயமில்லை. ஆனால் செம்பு மருந்து பட்ட மணலில் இவற்றை உடனே விட்டால் பிழைக்க மாட்டா. மணலை மாற்றுவதே உத்தமம்.

உறிஞ்சி மீனை மட்டும் நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். தென் அமெரிக்காவின் அமேசான் நதிப் பிரதேசத்தைச் சேர்ந்த அது, உடம்பெல்லாம் எலும்புக் கவசமும் துடுப்பில் முள்ளும் உடையது. இரண்டு அங்குலக் குஞ்சாயிருக்கையில் பாசியை மேயும். ஒன்றரை அடி வரை வளரக் கூடியது; வளர வளர மேய்ச்சலில் சிரத்தை குறைந்து, மீனுக்குப் போடும் ஆகாரத்தையே எதிர்பார்க்கும். அதன் கழிவோ, பத்து மீன்களின் கழிவுக்குச் சமானம். பாசியைத் தின்ன வந்தது பாசிக்கு உரம் போடுகிறது!

அதைப் பொய்கையில் விடலாமா என்பதற்கு நம்முடைய பதில், கூடவே கூடாது என்பது. அன்பரைப் போலவே இளகிய மனமுள்ளவர்கள் பல ஊர்களில், பல வருஷங்களாக, தொட்டிக்குப் பெரிதாகிவிட்ட இந்த மீனைக் குளத்திலும் ஏரியிலும் விட்டு வந்திருக்கிறார்கள். விளைவு என்ன? தமிழ்நாட்டு ஏரிகளிலும் ஆந்திர நாட்டு நீர்நிலைகளிலும் அது குடியேறிவிட்டது. அங்கே அதற்குப் பிசாசு மீன் என்று பெயர். வலையில் விழுந்தால் முள்ளால் வலையைக் கிழிக்கிறது. கரையில் பொந்து தோண்டி முட்டையிடுவதால் கரை சரிகிறது. மற்ற மீன்களின் முட்டை கிடக்கும் இடத்தையெல்லாம் மேய்கிறது. தண்ணீர் வற்றினாலும் வெகு நேரம் உயிரோடு கிடக்கும். வலையில் வந்த அதைத் தின்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை. ஒரு மீன் தனியாக இனம் பெருக்காது என்று சொல்லலாம். ஆனால் அதே ஆடிக் கிருத்திகையில் அதே நினைப்போடு இன்னொருவர் வரமாட்டார் என்று யார் ஜாமீன் கொடுப்பது? பொய்கை நிரம்பினால் தண்ணீர் அங்கேயே நிற்கப் போவதுமில்லை. கால்வாயும் ஓடையும் ஏரியும் ஒன்றோடொன்று சேர்ந்துதானே இருக்கின்றன?

செடிக்கும் இதே விதி. 1950-களின் ஆரம்பத்தில் இலங்கையிலிருந்து மீன்தொட்டி வியாபாரத்துக்காக அமெரிக்காவுக்குப் போன ஹைட்ரில்லா என்ற நம் பக்கத்து நீர்ச்செடி, பிளோரிடா மாகாணத்து ஆறுகளில் தப்பிப் போய், படகு போக முடியாதபடி அடைத்துக் கொண்டது. அதைக் களைய அவர்கள் இன்று வரை பணத்தைக் கொட்டிக் கொண்டிருக்கிறார்கள். ஆகவே தொட்டியில் கத்தரித்த தண்டுகளையும் தோட்டத்து மண்ணில் காய வைத்துப் புதைக்க வேண்டும். சாக்கடையில் விடக் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாழைக்கு ஊற்றலாம். வாழை மிகவும் சந்தோஷப்படும்.

அப்படியானால் அந்த மீனை என்ன செய்வது? கொல்ல வேண்டியதில்லை. கொளத்தூர்க் கடைகளில் பெரிய மீன்களை ஏற்றுக் கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். விலை கேட்காமல் கொடுத்தால் மறுக்க மாட்டார்கள். ஆறடித் தொட்டி வைத்திருக்கும் யாரேனும் நண்பர் இருந்தால் அவரிடம் ஒப்புவிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில், மூடி போட்ட வாளியில், பாதி மட்டும் தண்ணீர் விட்டு, ஈரத் துணியால் மூடிக் கொண்டு போனால் மீன் சௌக்கியமாகப் போய்ச் சேரும். பையில் அடைத்தால் துடுப்பின் முள் பையைக் குத்திவிடும். கையால் பிடிக்க வேண்டாம். வலையால் பிடித்தாலும் முள் சிக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தொட்டிக்குள் சாய்த்து, அது தானாக உள்ளே போகும்படி மெல்ல ஓட்டுவதே சௌகரியம். போவதற்கு முதல் நாள் அதற்கு ஆகாரம் போட வேண்டாம், வாளித் தண்ணீர் கெட்டுப் போகும். பையனையும் கூட அழைத்துக் கொண்டு போகட்டும். திரும்பி வரும்போது நெரைட் நத்தை நாலும், வாலிஸ்னேரியா ஒரு கட்டும் வாங்கி வர மறக்க வேண்டாம்.